இந்தப் படம் எங்கே எடுத்தது?

(சுற்றுச்சூழல் மன்றம் – சுவர்ப் பத்திரிகை – அறிவியல் பகுதி)



இந்தத் தாளின் மேல் மூலையில் இரண்டு புகைப்படங்கள் ஒட்டியிருக்கிறேன். இரண்டும் சேலத்திலிருந்து ஏற்காடு வரும் மலைப்பாதையில் எடுத்தவை. அந்தப் பாதையில் மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள் என்று நம் எல்லோருக்கும் தெரியும். சரி, இந்த இரண்டு படமும் எத்தனையாவது வளைவு? தினமும் பஸ்ஸில் வருகிறவர்களைக் கேட்டேன். ஒருத்தராலும் சொல்ல முடியவில்லை. ஒரு பாறை, ஒரு தடுப்புச் சுவர், சுவர் மேல் ஒரு குரங்கு. எல்லா வளைவும் இப்படித்தானே இருக்கு!

விடையைப் படத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். கட்டுரையைப் படித்து முடித்த பிறகு தூக்கிப் பாருங்கள். (தயவுசெய்து கிழித்துவிடாதீர்கள்.)

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் நம் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றுபோனது ஞாபகம் இருக்கும். அப்போது எல்லார் செல்போனிலும் மண் சரிவுப் படங்கள் வந்தன. பார்த்தவர்கள் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "இது எங்கே?" என்பதுதான். படம் எடுப்பது சுலபம். எங்கே எடுத்தோம் என்று சரியாகச் சொல்வதுதான் கஷ்டம்.

அந்தக் கஷ்டத்தைத் தீர்க்க ஒரு வழி இருக்கிறது. அதற்குப் பெயர் இடக்குறி இடுதல். ஜியோ டேக்கிங் என்று சொல்வார்கள். அதை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன், எப்படித் தப்பாகச் செய்து அவமானப்பட்டேன், அப்புறம் எப்படித் திருத்தினேன் என்பதுதான் இந்தப் பாடம்.

படத்துக்குள் ஒளிந்திருக்கும் சீட்டு

டிஜிட்டல் கேமராவில் படம் எடுக்கும்போது படம் மட்டும் பதிவாவதில்லை. அதனுடன் ஒரு சின்னச் சீட்டும் பதிவாகிறது. எந்த கேமரா, எந்தத் தேதி, எத்தனை மணி, வெளிச்சம் எவ்வளவு நேரம் உள்ளே விடப்பட்டது, இதெல்லாம் அந்தச் சீட்டில் இருக்கும். படத்தைப் பார்த்தால் அது தெரியாது. கம்ப்யூட்டரில் படத்தின் விவரத்தைத் திறந்தால்தான் தெரியும். இந்தச் சீட்டுக்கு எக்ஸிஃப் என்று பெயர். 1995-ல் ஜப்பானில் வகுத்த முறை இது. இன்று உலகம் முழுக்க இதையே பயன்படுத்துகிறார்கள்.

அந்தச் சீட்டில் இடத்தை எழுதவும் கட்டங்கள் உண்டு. அட்சரேகை, தீர்க்கரேகை, கடல் மட்டத்திலிருந்து உயரம். செல்போனில் இருப்பிடத்தை இயக்கி, கேமராவுக்கும் அனுமதி கொடுத்திருந்தால் இந்தக் கட்டங்கள் தானாக நிரம்பிவிடும். என்னிடம் இருப்பது மாமா கொடுத்த பழைய டிஜிட்டல் கேமரா. நல்ல ஜூம் இருக்கு. ஆனால் ஜி.பி.எஸ். கிடையாது. அதனால் இடக் கட்டங்கள் எப்போதும் காலி. காலிக் கட்டத்தை நாம்தான் நிரப்ப வேண்டும்.

ஜி.பி.எஸ். எப்படி இடத்தைக் கண்டுபிடிக்கிறது?

இடி, மின்னலை நினைத்துக்கொள்ளுங்கள். மின்னல் தெரிந்த பிறகு இடிச் சத்தம் கேட்க 3 விநாடி ஆனால், அது ஏறக்குறைய 1 கி.மீ. தூரத்தில் என்று டீச்சர் சொல்லிக் கொடுத்தார் அல்லவா? நேரத்தை வைத்துத் தூரம் கண்டுபிடிக்கிறோம். ஜி.பி.எஸ்.ஸும் அதேதான்.

பூமிக்கு மேலே சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் அமெரிக்காவின் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. குறைந்தது 24 இருந்தால்தான் உலகம் முழுதும் வேலை நடக்கும். ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் இருக்கிறது. "நான் இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இது" என்று அவை ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்த அலை ஒளியின் வேகத்தில் வருகிறது. நேர் மேலே இருக்கும் செயற்கைக்கோளிலிருந்து நம் கைக்கு வர ஒரு விநாடியில் 15-ல் ஒரு பங்கு நேரம்தான். எவ்வளவு தாமதமாக வந்தது என்று பார்த்தால் தூரம் கிடைத்துவிடும். இப்படிக் குறைந்தது 4 செயற்கைக்கோள்களிலிருந்து தூரம் கிடைத்தால் நாம் நிற்கும் இடம் முடிவாகிவிடும். மூன்று போதாதா என்று நானும் கேட்டேன். நம் கையில் உள்ள கருவியின் கடிகாரம் சாதாரணக் கடிகாரம். அதன் பிழையையும் கண்டுபிடிக்க நான்காவது தேவை.

கடிகாரம் 1 விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே தூரத்தில் 300 மீட்டர் பிசகிவிடும். இந்த வரியை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். பிறகு என் கதையில் இது வேறு வடிவத்தில் வரும்.

இன்னொரு சந்தேகம் நிறையப் பேருக்கு இருக்கு. "டவர் கிடைக்காத இடத்தில் ஜி.பி.எஸ். வேலை செய்யுமா?" செய்யும். ஜி.பி.எஸ். வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கும் கருவி. சிம் கார்டு இல்லாவிட்டாலும் வேலை செய்யும். இணையம் இருந்தால் சீக்கிரம் இடம் பிடிக்கும், இல்லாவிட்டால் கொஞ்சம் நேரம் ஆகும். அவ்வளவுதான்.

2000-ஆம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்கா வேண்டுமென்றே பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ்.ஸைக் கலங்கலாக வைத்திருந்தது. 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். அந்தத் தடையை எடுத்த பிறகுதான் சாதாரண ஆட்களுக்கும் இது பயன்பட்டது. நம் நாடும் நாவிக் என்ற பெயரில் சொந்தமாக ஒன்று உருவாக்கியது. அதன் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது.

எண்களைப் படிப்பது எப்படி?

ஏற்காட்டின் இருப்பிடம் ஏறக்குறைய 11.775 வடக்கு, 78.209 கிழக்கு. இதையே பழைய முறையில் 11 டிகிரி 46 நிமிடம் 30 விநாடி வடக்கு, 78 டிகிரி 12 நிமிடம் 32 விநாடி கிழக்கு என்றும் எழுதலாம். புள்ளிக்குப் பின்னால் உள்ளதை 60-ஆல் பெருக்கினால் நிமிடம். அதில் புள்ளிக்குப் பின்னால் உள்ளதை மறுபடி 60-ஆல் பெருக்கினால் விநாடி. கணக்கு சார் சந்தோஷப்படுவார்.

புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் எழுத வேண்டும்? இந்தப் பட்டியலை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அட்சரேகையில்:

0.1 டிகிரி – சுமார் 11 கி.மீ.
0.01 டிகிரி – சுமார் 1.1 கி.மீ.
0.001 டிகிரி – சுமார் 110 மீட்டர்
0.0001 டிகிரி – சுமார் 11 மீட்டர்
0.00001 டிகிரி – சுமார் 1 மீட்டர்

தீர்க்கரேகைக்கு நம் ஊரில் இதைவிடக் கொஞ்சம் குறையும். ஒரு டிகிரிக்கு 109 கி.மீ. அளவுதான். செல்போன் ஜி.பி.எஸ். வெட்டவெளியில் சுமார் 5 மீட்டர் வரை சரியாகக் காட்டும். ஆகவே 5 இலக்கம் போதும். சிலர் 8 இலக்கம் எழுதுகிறார்கள். அது பென்சில் முனையின் இடத்தைச் சொல்வது மாதிரி. பந்தா தவிர வேறொன்றும் இல்லை.

முக்கியமாக, 11-ஐ முதலில் எழுதுங்கள், 78-ஐ இரண்டாவது. மாற்றி எழுதினால் நம் ஏற்காடு வட துருவத்துக்குப் பக்கத்தில், ஸ்வால்பார்டு தீவுகள் அருகே போய் விழும். அங்கே பனிக்கரடிதான் இருக்கு, காப்பித் தோட்டம் இல்லை!

கேமராவுக்கு இடம் சொல்ல மூன்று வழிகள்

முதல் வழி: ஜி.பி.எஸ். உள்ளேயே இருக்கும் கேமரா. 2008-ல் நிக்கான் நிறுவனம் பி6000 என்ற சின்ன கேமராவில் இதை வைத்தது. இன்றைய செல்போன்கள் எல்லாம் இந்த வகைதான்.

இரண்டாம் வழி: கேமராவின் தலையில் தனியாக ஒரு ஜி.பி.எஸ். பெட்டியை மாட்டுவது. படம் எடுத்த அந்த நொடியே இடம் பதிவாகும். ஆனால் விலை அதிகம்.

மூன்றாம் வழி: ஏழைக்கேற்ற எள்ளுருண்டை. அதுதான் என் வழி. 2006-ல் சோனி நிறுவனம் ஒரு சின்ன ஜி.பி.எஸ். பதிவுக் கருவியை விற்றது. அதைப் பையில் மாட்டிக்கொண்டு நடந்தால், எந்த நேரத்தில் எங்கே இருந்தோம் என்று எழுதிக்கொண்டே வரும். கேமரா தனியாகப் படம் எடுக்கும். வீட்டுக்கு வந்து இரண்டையும் நேரத்தை வைத்துப் பொருத்த வேண்டும். இன்று அந்தக் கருவி வேண்டாம். நடந்த பாதையைப் பதியும் இலவசச் செயலி செல்போனிலேயே கிடைக்கிறது. அது கொடுக்கும் கோப்புக்கு ஜி.பி.எக்ஸ். என்று பெயர். பொருத்துவதற்கு டிஜிகேம், எக்ஸிஃப்டூல் என்று இலவச மென்பொருள்கள் உண்டு. அண்ணனுக்கு முன்பு பள்ளியில் கொடுத்த விலையில்லா மடிக்கணினியிலேயே எனக்கு வேலை முடிந்தது.

10.20-க்குப் படம் எடுத்தோமா? அந்த நிமிடம் பாதையில் நாம் எந்தப் புள்ளியில் இருந்தோமோ, அதுவே படத்தின் இடம். எவ்வளவு சுலபம்! நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நான் செய்த தவறு

என் ஆயா ஊர் ஏற்காட்டிலிருந்து தள்ளி, மலைக்குள் இருக்கிறது. கோடை வந்தால் குழாயில் தண்ணீர் வராது. மேலே காட்டோரம் இருக்கும் ஊற்றுகளில்தான் குடத்தில் எடுத்து வருவார்கள். அதில் பெரிய ஊற்று ஒன்று மண்ணும் இலையும் மூடிக் கிடந்தது. தூர் எடுத்தால் மறுபடி தண்ணீர் நிற்கும் என்று ஆயா பல வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருப்பார்.

எங்கள் மன்றத்தின் மூலம் இந்த விஷயத்தைக் கேள்விப்பட்டு, சேலத்திலிருந்து இரண்டு பேர் உதவி செய்வதாகச் சொன்னார்கள். "ஊற்றுகளின் படமும் இடமும் அனுப்புங்கள், நாங்கள் வந்து பார்க்கிறோம்" என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் ஆயாவுடன் நடந்தோம். அப்பாவின் செல்போன் பாதையைப் பதிந்தது. நான் கேமராவில் படம் எடுத்தேன். ஊர் வாசலில் மாரியம்மன் கோயில், பிறகு மூன்று ஊற்றுகள். பெரிய ஊற்றுக்கிட்ட போனபோது மழை இருட்டிக்கொண்டு வந்ததால் நாலு படம் எடுத்துவிட்டு உடனே மேலே ஏறிவிட்டோம்.

வீட்டுக்கு வந்து பொருத்தினேன். ஒரு படம்கூடப் பொருந்தவில்லை. பயந்துவிட்டேன். அப்புறம்தான் புரிந்தது. ஜி.பி.எக்ஸ். கோப்பில் நேரம் உலகப் பொது நேரமாக எழுதப்பட்டிருக்கும். நம் இந்திய நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால். காலை 10.20 என்றால் கோப்பில் 04.50. இதை மென்பொருளில் சொன்னதும் எல்லாப் படமும் பாதையின் மேல் வரிசையாக உட்கார்ந்துவிட்டன. எனக்கு ஒரே சந்தோஷம். எண்களை எழுதி அனுப்பிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அவர்கள் வந்தார்கள். அன்று எனக்குப் பள்ளி. அப்பா எஸ்டேட் வேலைக்குப் போயிருந்தார். ஆயாவும் வீட்டில் இல்லை. நான் கொடுத்த எண்ணைப் போனில் போட்டுக்கொண்டு அவர்களே மலை ஏறினார்கள். எண் அவர்களைக் கொண்டுபோய் நிறுத்தியது ஒரு காய்ந்த பாறையின் மேல். சுற்றித் தேடினார்கள். ஒன்றும் இல்லை. "அங்கே ஊற்றே இல்லையே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள்.

ஆயாவுக்கு விஷயம் தெரிந்தபோது ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார், "ஏங்கண்ணு, மேல சுத்தற சேட்டிலைட்டக் கேட்ட சரி. கூட நடந்து வந்த என்ன ஒரு வார்த்த கேட்டியா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ராத்திரி மறுபடி வரைபடத்தைத் திறந்தேன். முதல் படம் மாரியம்மன் கோயில். கோயில் ஊர் வாசலில் இருக்கு, சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் வரைபடத்தில் கோயில் படம் ஊரைத் தாண்டி, 350 மீட்டர் மேலே உட்கார்ந்திருந்தது! அதை முதல் நாளே பார்த்திருக்கலாம். படங்கள் அழகாக வரிசையில் இருந்ததால் நான் பார்க்கவே இல்லை.

காரணம் என்ன தெரியுமா? கேமராவின் பேட்டரியைக் கழற்றி மாட்டியதில் அதன் கடிகாரம் அழிந்துபோயிருந்தது. நான் அதைச் சமையலறைச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத் திருத்தி வைத்தேன். அந்தக் கடிகாரத்தை அம்மா 7 நிமிடம் வேகமாக வைத்திருப்பார், நாங்கள் காலை பஸ்ஸைத் தவறவிடக் கூடாது என்பதற்காக! பஸ்ஸுக்கு நல்லது. படத்துக்கு ஆபத்து.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மலையில் ஏறி நடக்கும் வேகம் மணிக்கு 3 கி.மீ. என்றால், நிமிடத்துக்கு 50 மீட்டர். 7 நிமிடத்துக்கு 350 மீட்டர். 10.20-க்கு எடுத்த படத்தில் கேமரா 10.27 என்று எழுதியது. 10.27-க்கு நாங்கள் ஊற்றை விட்டு ஏறி, அடுத்த ஓடையின் பாறைக்குப் போய்விட்டோம். சமவெளியில் 350 மீட்டர் என்றால் தலையைத் திருப்பினால் தெரிந்துவிடும். மலையில் 350 மீட்டர் என்றால் அது வேறு ஓடை, வேறு சரிவு. பஸ்ஸில் போய்க்கொண்டே எடுத்திருந்தால் இன்னும் மோசம். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் 7 நிமிடம் என்பது 3.5 கி.மீ. அதற்குள் பல வளைவுகள் போய்விடும்.

செயற்கைக்கோள் தப்புச் செய்யவில்லை. செல்போன் தப்புச் செய்யவில்லை. ஒரு கடிகாரம் தப்பு, அதைச் சரிபார்க்காத நான் தப்பு.

செய்து பாருங்கள்

இப்போது நான் பின்பற்றும் முறை இது. நீங்களும் செய்யலாம்.

1. கிளம்பும் முன் கேமராக் கடிகாரத்தைச் செல்போனைப் பார்த்துத் திருத்துங்கள். சுவர்க் கடிகாரத்தை நம்பாதீர்கள்.

2. முதல் படமாகச் செல்போனில் ஓடும் கடிகாரத்தையே, விநாடி தெரியும்படி எடுங்கள். கேமரா நேரத்துக்கும் செல்போன் நேரத்துக்கும் எத்தனை விநாடி வித்தியாசம் என்று அந்தப் படமே சாட்சி சொல்லும். கடிகாரம் தப்பாக இருந்தாலும் கவலையில்லை. எவ்வளவு தப்பு என்று தெரிந்தால் கழித்துவிடலாம்.

3. வெட்டவெளியில் இரண்டு மூன்று நிமிடம் நின்று, ஜி.பி.எஸ். இடம் பிடித்த பிறகு நடக்கத் தொடங்குங்கள்.

4. அடுத்த படம் எல்லோருக்கும் தெரிந்த இடமாக இருக்கட்டும். கோயில், பள்ளி வாசல், பஸ் நிறுத்தம் எதுவானாலும் சரி. கடைசிப் படமும் அப்படியே.

5. முக்கியமான இடத்தில் ஒரு நிமிடமாவது அசையாமல் நில்லுங்கள்.

6. நோட்டில் படத்தின் எண், அந்த இடத்துக்கு ஊர்க்காரர் சொல்லும் பெயர், பக்கத்தில் உள்ள அடையாளம் மூன்றையும் எழுதுங்கள்.

7. வீட்டில் அசல் படங்களைத் தனியாக வைத்துவிட்டு, நகலில் மட்டும் இடம் பொருத்துங்கள். 5 மணி 30 நிமிடத்தை மறக்காதீர்கள்.

8. தெரிந்த இடத்தின் படம் வரைபடத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தால்தான் மற்றதை நம்பலாம்.

மலையில் மட்டும் வரும் சிக்கல்கள்

காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் நிழல் அடர்த்தியாக இருக்கும். இலைகளுக்கு அடியில் அலை பலவீனமாக வரும். ஆழமான பள்ளத்தில் வானம் கொஞ்சம்தான் தெரியும், அதனால் கிடைக்கும் செயற்கைக்கோளும் குறைவு. பெரிய பாறைப் பக்கம் நின்றால் அலை பாறையில் பட்டுத் திரும்பி வந்து, தூரத்தை அதிகமாகக் காட்டும். இப்படிப்பட்ட இடத்தில் செல்போன் "5 மீட்டர்" என்று காட்டாமல் "30 மீட்டர்" என்று காட்டினால் அதையும் நோட்டில் எழுதிவிட வேண்டும்.

உயரத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஏற்காடு கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,515 மீட்டர் என்று படித்திருக்கிறோம். சில ஜி.பி.எஸ். செயலிகளில் பார்த்தால் அதைவிட 90 மீட்டர் போலக் குறைவாகக் காட்டும். கருவி கெட்டுப்போகவில்லை. ஜி.பி.எஸ். பூமியை ஒரு வழுவழுப்பான முட்டை வடிவம் என்று வைத்துக்கொண்டு அதிலிருந்து உயரத்தை அளக்கிறது. உண்மையான கடல் மட்டம் ஈர்ப்பு விசையால் சில இடத்தில் மேடாகவும் சில இடத்தில் பள்ளமாகவும் இருக்கிறது. உலகிலேயே பெரிய பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் உள்ளது. அதனால்தான் தமிழ்நாட்டில் இந்த வித்தியாசம் அதிகம். சில செயலிகள் தாமே திருத்திக் காட்டும், சில காட்டாது.

பெட்டிச் செய்தி: அரை டன் ஜி.பி.எஸ்.!

செயற்கைக்கோள் இல்லாத காலத்தில் இடத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? வில்லியம் லாம்ப்டன் என்ற ஆங்கிலேயர் 1802 ஏப்ரல் 10 அன்று சென்னை பரங்கிமலைப் பக்கம் அளக்க ஆரம்பித்தார். முதல் கோடு சுமார் 12 கி.மீ. அதை அளக்கவே 57 நாள் ஆனது. பிறகு முக்கோணம் முக்கோணமாக இந்தியாவையே அளந்தார்கள். இதன் முதுகெலும்பு போன்ற பெரிய வில் 78 டிகிரி தீர்க்கரேகையை ஒட்டிக் குமரியிலிருந்து இமயமலை வரை போகிறது. நம் ஏற்காடு 78.2-ல் இருக்கிறது, பக்கத்து வீடு மாதிரி! கோணம் அளக்க அவர் வைத்திருந்த தியோடலைட் கருவியின் எடை அரை டன். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் மேல் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. அவரே உட்கார்ந்து பல வாரம் தட்டித் தட்டிச் சரிசெய்தார். அதே வேலையை இன்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கிறோம். சரிபார்க்க மட்டும் சோம்பல்!

எல்லா இடத்தையும் எல்லாருக்கும் சொல்லலாமா?

கூடாது. இதையும் பாடத்தில் சேர்த்தே படிக்க வேண்டும்.

நம் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டம் இருப்பது தெரியும். அந்தத் தோட்டத்துக்கு வெளியே, காட்டு மரக்கிளையிலும் ஆர்க்கிட் பூக்கிறது. அதன் படத்தை 5 இலக்க எண்ணுடன் ஊருக்கெல்லாம் அனுப்பினால், நல்லவர்கள் ரசிப்பார்கள். பிடுங்கி விற்கிறவனுக்கு வழிகாட்டியும் ஆகிவிடும். உலகம் முழுக்கச் செடி, பூச்சி, பறவைப் படங்களைச் சேர்க்கும் ஐநேச்சுரலிஸ்டு என்ற தளத்தில், அழியும் நிலையில் உள்ள உயிர்களின் சரியான இடத்தை மறைத்துவிடுகிறார்கள். பக்கத்துக்கு 22 கி.மீ. போல உள்ள ஒரு கட்டத்துக்குள் எங்கேயோ என்று மட்டும்தான் காட்டும். அரிய செடியானால் நாமும் இரண்டு இலக்கத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். முழு எண் டீச்சரின் நோட்டில் இருந்தால் போதும்.

நம் வீட்டு விஷயமும் அப்படித்தான். 2012 டிசம்பரில், வைரஸ் தடுப்பு மென்பொருளால் பேர் பெற்ற ஜான் மெக்காஃபி என்பவர் தலைமறைவாக இருந்தார். அவருடன் இருந்த பத்திரிகைக்காரர்கள் ஒரு படத்தை இணையத்தில் போட்டார்கள். படத்தின் சீட்டில் இடம் அப்படியே இருந்தது! அவர் குவாத்தமாலா நாட்டில் இருப்பது உலகத்துக்கே தெரிந்துபோனது. வீட்டு வாசலில் தங்கச்சியை நிற்க வைத்து எடுக்கும் படத்திலும் அதே சீட்டு உண்டு. வெளியாட்களுக்கு அனுப்பும் முன் இடத்தை நீக்கிவிடுங்கள். வாட்ஸப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இடக்குறி போய்விடும். ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும். எப்போது எது வேண்டும் என்று யோசித்து அனுப்புங்கள்.

முடிவாக

நான் 7 நிமிடத்தைக் கழித்து மறுபடி பொருத்தினேன். கோயில் படம் கோயிலில் போய் உட்கார்ந்தது. ஊற்று ஊற்றுக்கு வந்தது. மன்னிப்புக் கேட்டு, சரியான எண்ணுடன் ஆயா சொன்னதையும் அப்படியே எழுதி அனுப்பினேன்: "கோயிலத் தாண்டி ரெண்டு பலா மரம் வரும். அதுக்குக் கீழ ஒரு வழுக்குப் பாற. பாறைக்கு மேக்கால பத்தடி." முதலில் அவர்கள் பதில் போடவில்லை. எங்கள் டீச்சர் பேசிய பிறகு மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை ஆயா முன்னால் நடந்தார், நான் போனைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது போன் காட்டிய புள்ளிக்கும் ஆயா நின்ற இடத்துக்கும் ஆறு எட்டு வித்தியாசம்கூட இல்லை.

ஊர்க்காரர்களும் சேர்ந்து இரண்டு நாள் மண் அள்ளினார்கள். மூன்றாம் நாள் காலையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. முதல் குடத்தை ஆயா எடுத்தார். அந்தப் படத்தை நான் எடுத்தேன். அதற்கு இடக்குறி சரியாக இருக்கிறது, இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.

எண் மட்டும் இருந்தால் போதாது, பெயர் மட்டும் இருந்தாலும் போதாது. நம் மலையில் ஒவ்வொரு பாறைக்கும் ஓடைக்கும் பெரியவர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அவை எந்த வரைபடத்திலும் இல்லை. அவர்கள் இருக்கும்போதே கேட்டு, எண்ணோடு சேர்த்து எழுதி வைப்போம். மன்றத்தில் அதற்காக ஒரு நீள நோட்டு வாங்கி வைத்திருக்கிறோம். வருகிறவர்கள் வரலாம்.

சிந்திக்கச் சில கேள்விகள்

1. இரண்டு ஊற்றுகள் ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. அட்சரேகை வித்தியாசம் 0.0030 டிகிரி. இடையே தூரம் எவ்வளவு?

2. கேமரா 4 நிமிடம் மெதுவாக ஓடுகிறது. படங்கள் பாதையில் முன்னால் தள்ளி விழுமா, பின்னால் தள்ளி விழுமா?

3. உங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் எத்தனை நிமிடம் வேகம்? (அம்மாவைக் கேட்டுவிட்டு எழுதவும்!)

விடைகளை மன்றப் பெட்டியில் போடுங்கள். சரியான விடை அடுத்த தாளில் வரும். இப்போது மேல் மூலையில் உள்ள படங்களைத் தூக்கிப் பார்க்கலாம்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி,
சுற்றுச்சூழல் மன்றம்